அக்கரையில் நின்ற பாதை

"குறுக்கால கிடக்குது புள்ள. என்ட கைக்கு இது ஏலாது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, கெதியா!"

மருத்துவிச்சி ரபீக்கா இப்படிச் சொல்லிக் கையைக் கழுவியபோது காலை எட்டரை மணி. பாயில் கிடந்த லைலா பல்லைக் கடித்துக்கொண்டு தன் அக்காவின் கையைப் பிடித்திருந்தாள். பத்தொன்பது வயது, தலைப்பிள்ளை. புருஷன் வெருகல் பக்கம் வேளாண்மை வெட்டப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

"ராத்தா, வாப்பா எங்க?"

"வருவார்டி. பாதையோட வருவார்," என்றாள் அக்கா நஜ்முன் நிஸா.

வாப்பா பக்கீர்தான் கிண்ணியாத் துறையின் பாதைக்காரர். இரண்டு வள்ளங்களின் மேல் பலகை அடித்து, கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து ஆட்கள் இழுத்துப் போகிற மிதவைக்குத்தான் அங்கே பாதை என்று பெயர். மாடு, சைக்கிள், லொறி, மாப்பிள்ளை, செத்தவரின் மையத்து எல்லாம் அதில் ஏறித்தான் கடக்கவேண்டும். ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது.

அன்றைக்கு எம்.பி. கலீலுர் றஹ்மான் ஹாஜியார் கொழும்பிலிருந்து வருகிற நாள். பாராளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்திருந்தது. நாற்பத்தொரு கேள்வி கேட்டாராம் மனுஷன்! அதில் பதினேழு இந்தத் துறைக்குப் பாலம் வேண்டுமென்று. "ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் எங்கள் பெண்கள் கரையில் கிடந்து சாகிறார்கள்" என்று அமைச்சரின் முகத்துக்கு நேரே சொன்னாராம். அதையெல்லாம் நோட்டீஸாக அடித்துச் சுவர் சுவராக ஒட்டியிருந்தார்கள். ஊருக்குத் தலைகால் புரியவில்லை.

நோட்டீஸை நிஸாவும் வாசித்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். ஒரு வருஷத்துக்கு முன் வீடு வீடாக ஏறி, இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களிடம் கைநாட்டு வாங்கி, இக்கரையில் ஒரு பிள்ளைப்பேற்று விடுதி வேண்டுமென்று மனு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வாங்கும்போது ஹாஜியார் சிரித்தார். "பொம்புளையள்ர சின்ன அலுவல்தானே, பார்ப்பம் மகள். முதல்ல பாலம் வரட்டும்." நாற்பத்தொரு கேள்வியில் அந்த மனுவைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பாலமென்றால் பெயர் வெட்டிய கல் வைக்கலாம். பிரசவக் கட்டிலில் யாருடைய பெயரை வெட்டுவது?

அவரை அழைத்துவர விடியவே ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அக்கரைக்குப் போய்விட்டார்கள். பாதையில் கொள்ளாதவர்கள் தோணிகளில் போனார்கள். இக்கரையில் ஒரு தோணிகூட மிச்சமில்லை. அங்கே போய்ச் சேர்ந்தபின் பக்கீர் பாதைக்குக் குருத்தோலை கட்டி, நடுவில் ஒரு கதிரையும் போட்டிருந்தார். வரவேற்புக் கமிட்டித் தலைவர் அபூதாஹிர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "ஹாஜியார் ஏறுமட்டும் ஒரு ஆளையும் ஏத்தப்படா. அலங்காரம் குலைஞ்சிரும்."

பக்கீர் புறப்படும்போது லைலா சொல்லத்தான் செய்தாள்: "வாப்பா, இடுப்பு வலிக்குது."

"ஒம்பது மணிக்குள்ள வந்திருவன் மகள். நமக்காக உசிர விடுற மனுஷன், மரியாத செய்யாம இரிக்க ஏலுமா?"

கொழும்பு ரயில், அதுதான் மெயில் கோச்சி, ஆறு மணிக்கே வந்துவிட்டது. ஆனால் ஹாஜியாருக்கு டவுனில் ஒரு முதலாளி வீட்டில் காலைச் சாப்பாடு. இடியப்பமும் ஆட்டிறைச்சியும். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தார்.

பெண்கள் லைலாவைக் கட்டிலில் ஏற்றித் தூக்கித் துறைக்குக் கொண்டுவந்தார்கள். அக்கரை கண்ணுக்கு எட்டும், குரலுக்கு எட்டாது. அதிலும் அன்று அங்கே றபான் மேளமும் பட்டாசும். தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நிஸா தலையிலிருந்த வெள்ளை முக்காட்டை உருவித் தலைக்குமேல் வீசினாள். பிற ஆண் எவனும் அன்றுவரை கண்டறியாத தலை அது. அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வீசினார்கள்.

அக்கரையில் ஆண்கள் கண்டுகொண்டார்கள்.

"பாருங்கடா, நம்மட பொம்புளையளும் வரவேற்கிறாளுகள்!" என்றார் அபூதாஹிர். சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோரும் கைத்துணி லேஞ்சியை எடுத்து, தலைப்பாகையைக் கழற்றித் திரும்ப வீசினார்கள். பக்கீரும் வீசினார். இன்னும் ஒரு கட்டுப் பட்டாசு கொளுத்தினார்கள்.

"ராத்தா... கண்டுட்டாங்களா?"

"கண்டுட்டாங்க தங்கச்சி. கை காட்டுறாங்க. இப்ப வந்திருவாங்க."

பதினொன்றரைக்குத்தான் வந்தார்கள். கதிரையில் ஹாஜியார், கழுத்து நிறைய மாலை. பாதை கரை தட்டியபோது லைலாவின் முகத்தை நிஸா அந்த வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள். பிள்ளை வெளியே வரவேயில்லை.

பக்கீர் கம்பியை விட்டுவிட்டு இறங்கி வந்தார். துணியைத் தூக்கிப் பார்த்தார். "எனக்குத்தானே துணி காட்டினீங்க," என்றார். "எனக்குத்தானே புள்ள காட்டினீங்க." 

மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். எதைப் பேச? பாதையை ஏன் மறித்து வைத்தோம் என்றா? இல்லை ஐயா, துறையடியில் பெண்கள் முக்காடில்லாமல் நின்றதைப் பேச! "ஊருக்கே வெக்கக்கேடு," என்றார் அபூதாஹிர். மகளைக் கபுறுக் குழியில் வைத்துவிட்டு வந்த தகப்பனைக் கூப்பிட்டு, மற்ற மகளுக்குப் புத்தி சொல்லச் சொன்னார்கள். கேட்கிறவனுக்கு நெஞ்சு வெடிக்காதா? பக்கீர் தலையைக் குனிந்துகொண்டு எழும்பி வந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தொடரில் ஹாஜியார் பேசிய பேச்சு அச்சாகி வாசிகசாலைக்கு வந்தது. நிஸா அதை எடுப்பித்து வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"'அந்த ஏழைப் பெண் கடக்க வழியின்றி என் கண்ணெதிரே உயிர்விட்டாள். பெண்கள் வெள்ளைத் துணி வீசி உதவி கேட்டதை அக்கரையில் நின்று நானே கண்டேன். எங்கே எங்கள் பாலம்?' சபையில கரகோஷம் எண்டு போட்டிரிக்கி வாப்பா."

"அந்த நேரம் அவர் முதலாளி ஊட்டுல படுத்துக் கிடந்தவர்," என்றார் பக்கீர். பிறகு கேட்டார்: "பாதை எங்க நிண்டதெண்டு போட்டிரிக்கா?"

"இல்ல."

"ஒண்ட மனு?"

"அதுவும் இல்ல வாப்பா."

அந்தக் கூட்டத்தொடரும் முடிந்தது. மறுபடி நோட்டீஸ், மறுபடி குருத்தோலை. ஏழு மணிக்குப் பாதையை அக்கரையில் கொண்டுவந்து நிறுத்தும்படி அபூதாஹிர் சொல்லி அனுப்பினார். ஆண்கள் விடியவே தோணிகளில் போய்விட்டார்கள். பக்கீர் பாதையை இக்கரைக் குற்றியில் இறுக்கிக் கட்டிவிட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

"வாப்பா, அவங்க ஏசுவாங்க," என்றாள் நிஸா.

"ஏசட்டும். இந்தக் கரையில வயித்துப் புள்ளையோட நாலு பேர் இரிக்காளுகள். பாதை இங்கதான் நிக்கும்."

ஹாஜியார் இந்தமுறை நேரத்துக்கே வந்துவிட்டார். தோணியில் ஏற அவருக்கு மனமில்லை. எம்.பி. தோணியில் போய் இறங்கினால் என்ன மரியாதை? அவரை விட்டுவிட்டுத் தோணியேறி வந்து பாதையை அவிழ்த்துப் போக மற்றவர்களுக்கும் மனமில்லை. அக்கரையில் லேஞ்சிகள் அசைந்தன, தலைப்பாகைகள் அசைந்தன. கொஞ்ச நேரத்தில் ஹாஜியாரே முன்னுக்கு வந்து, கழுத்து மாலையைக் கழற்றி வீசிக் கூப்பிட்டார்.

பக்கீர் எழும்பினார். தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலைக்குமேல் வீசினார். அவர்கள் இன்னும் பலமாக வீசினார்கள். அவரும் விடவில்லை. தாடியெல்லாம் கண்ணீராக வழிய, பதினொன்றரை மணிவரை நின்று வீசிக்கொண்டிருந்தார்.