கிணற்றுக்குள் போட்ட துவக்கு

பீனோ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதும் கிருசாந்தினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பீனோவின் தாயார், கிருசாந்தினி வருடக்கணக்காக 'சிஞ்ஞோரா' என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொண்ட முதிய அம்மா, போன மாதம்தான் கண்மூடியிருந்தார். வீட்டை ஒதுக்கும் வேலை அவள் தலையில். "அலுமாரிக்கு மேலே பாட்டனாரின் துவக்கு இருக்கும், எடுத்து மேசையில் வை, நாளை கராபினியேரி பொலிஸ் வந்து பார்ப்பார்கள்" என்றார் பீனோ. குழல் வாயால் மருந்து இடித்துச் சுடுகிற பழைய துவக்கு. அதே அச்சில் இப்போது செய்து விற்கிற ஒற்றை வெடித் துவக்கென்றால் வாங்கிச் சுவரில் மாட்டிவிடலாமாம், பதியத் தேவையில்லை. இது அசல் பழசு என்பதால்தான் சட்டத்துக்கு ஆயுதமாம். அம்மாவின் பெயரில் பதிந்ததை மகன் பெயருக்கு மாற்ற வேண்டுமாம். சட்டம் செய்தவர்களை நினைத்து அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

துவக்கு தோட்டத்துக் கிணற்றுக்குள் கிடந்தது. போட்டவள் அவள்தான். போன கிழமை தூசு தட்ட ஏணியில் ஏறியவளின் கையில் துணிச்சுருளுக்குள்ளிருந்து இரும்பு தட்டுப்பட்டபோது, அவள் இத்தாலியின் பலெர்மோவில் நிற்கவில்லை, சண்டைக்காலத்து ஊரில் நின்றாள். வளவில் விளையாட்டுக்குப் பொறுக்கி வைத்த வெற்றுத் தோட்டாக் கோது ஒன்றுக்காக, இராணுவச் சுற்றிவளைப்பில் அண்ணனைக் கொண்டுபோனார்கள், இன்றுவரை தகவலில்லை. அந்த நாளில் எந்த வீட்டிலும் இப்படி ஏதும் அகப்பட்டால் முதலில் கிணறு, பிறகுதான் மற்ற யோசனை. இங்கே யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை அவளுக்கு.

கணவன் சுரேஸ் மொண்டெல்லோக் கடற்கரையில் சமையல் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னமே சொல்லிவிட்டாள்.

"இஞ்சரப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு. ஆயுதத்தை ஒளிச்சவள் எண்டு பிடிச்சால் இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெசோ தருவாங்களே?"

அவன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தான். "கிழவி போட்டது எண்டு சொல்லும். கடைசியிலை அவவுக்கு நினைவு தடுமாறினது எல்லாருக்கும் தெரியும்."

"செத்த மனிசியிலை பழி போடவோ?"

"செத்தவையை ஒருத்தரும் நாடு கடத்தமாட்டினம்."

அந்தக் கிழவி தன் கையால் தோடம்பழம் உரித்து, நல்ல சுளையாகப் பார்த்து இவளுக்குத் தந்தவள். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை இத்தாலியனில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் கிருசாந்தினி படுத்தாள்.

காலையில் பீனோவுடன் கராபினியேரி இருவர் வந்தார்கள். மேலே துவக்கைக் காணாமல் பீனோ அலுமாரிகளைக் கவிழ்க்காத குறையாகத் தேடினார். அவள் எல்லோருக்கும் கோப்பி போட்டாள். இளையவன் தோட்டத்துக்கு இறங்கியவன், கிணற்று மூடி விலகிக் கிடந்ததையும் துரு புதிதாக உரசுப்பட்டிருந்ததையும் கண்டான். வாகனத்திலிருந்து அவள் ஊரில் கிணற்றில் விழுந்த வாளி எடுக்கிற பாதாளக்கரண்டி மாதிரி ஒரு கொளுக்கியைக் கொண்டுவந்து கயிற்றில் இறக்கினான். கொஞ்ச நேரம் சேற்றைக் கிண்டிய பிறகு துவக்கு மேலே வந்தது.

"யார் இதைப் போட்டது?" என்று மூத்தவன் பொதுவாகக் கேட்டான்.

அவள் தொண்டைக்குள் அந்த வாக்கியம் தயாராக நின்றது. அதற்கு வேலையே இருக்கவில்லை. "அம்மாதான்" என்றார் பீனோ, பெருமூச்சுடன். "கடைசியில் தன் மூக்குக் கண்ணாடியைக்கூடக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பாள். பாவம்."

மூத்தவன் தலையாட்டிக்கொண்டான். அவ்வளவுதான், தப்பிவிட்டாள். இளையவன் குழலுக்குள் நின்ற தண்ணீரை வடிக்கத் துவக்கைச் சரித்துத் திருப்பினான். அதன் வாய் ஒரு கணம் அவள் பக்கமாக வந்து போனது.

மூவரும் அவளையே பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே கிருசாந்தினியின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயிருந்தன. "என்ன இது, கையை இறக்கு" என்றார் பீனோ. அவள் இறக்கத்தான் பார்த்தாள். விரல்கள் விரிந்தபடி, வெயிலில், கைகள் அங்கேயே நின்றன.