பிறந்த வீட்டுக் கோடி

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையில் ஊர்க்கவுண்டர் கோபால்சாமியின் மனைவி அம்மாக்கண்ணு இறந்துபோனாள். ஐந்து நாள் காய்ச்சல். ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக டோலி கட்டி முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வெயில் ஏறியும் பிணத்தை எடுக்க முடியவில்லை. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அந்தக் கோடியைப் போர்த்திய பிறகுதான் பாடை. அம்மாக்கண்ணுவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது ஒரே தம்பி, தீர்த்தகிரி. ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தான். ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன் அவனும் இன்னும் ஏழு வீட்டாரும் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானபோது, இனி அவர்களுக்கு நல்லது கெட்டது எதையும் சொல்லி அனுப்பக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னவர் கோபால்சாமியேதான். மச்சான் என்றும் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் அவருக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை.

"கோடி இல்லாம தூக்கினா நாதியத்த பொணம்னு ஆயிடும் கவுண்டரே," என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முனியம்மா.

பங்காளி லட்சுமணன் குனிந்து மெல்லச் சொன்னான்: "கடையில ஒரு சேலை வாங்கியாந்து, தம்பி முறை ஆவுற எவன் கையிலயாவது குடுத்துப் போர்த்திடலாங்க. யாரு கேக்கப் போறா?"

"என் பொண்டாட்டிக்குப் பொய்க்கோடியா? வாயக் கழுவுடா."

"அப்ப யாரு போய்ச் சொல்றது? ஊர்க்கட்டு போட்டது நீங்கதானே?"

யாரும் எழுந்திருக்கவில்லை. கோபால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பிணத்தைப் போட்டுவிட்டுப் புருஷன்காரன் படியிறங்கிப் போவதை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஓடையில் இறங்கும்போதுதான் அக்கரையில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. விடியலில் அங்கே பாட்டும் மேளமுமாக இருந்தது. இங்கே சாவு மேளம் அடித்ததும் அது நின்றிருக்கிறது. ஜெபக்கூடத்து வாசலில் மூங்கிலில் காகித நட்சத்திரம் தொங்கியது. அடுப்பிலிருந்து இறக்கிய கறிக்குண்டான் மூடியபடி கிடந்தது. எட்டு வீட்டாரும் புதுத்துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளைக்கூட யாரோ அடக்கி வைத்திருந்தார்கள்.

"இன்னா கவுண்டரே, ஓடையத் தாண்டிட்டீங்களே. எங்க தீட்டு ஒட்டிக்காதா?" என்றான் அவர்களில் ஒருவனான ரங்கசாமி.

"இன்னிக்கு எனக்குத்தான் தீட்டு. நீ தள்ளி நில்லு."

தீர்த்தகிரி கரையோரப் பாறைமேல் உட்கார்ந்திருந்தான். மடியில் மடிப்புக் கலையாத சிவப்புச் சேலை. பண்டிகைக்கென்று மனைவி சாந்தம்மாளுக்குத் திருப்பத்தூரில் எடுத்தது.

"எப்பலேர்ந்து உக்காந்திருக்க?"

"மேளம் கேட்டதுலேர்ந்து. சொல்லி வரணுமே மாமா. சொல்லாம வந்து நீங்க தொரத்தினா, அக்காவுக்குத்தானே அசிங்கம்."

கோபால்சாமி முறைப்படி சொல்ல வேண்டியதை நிமிர்ந்து நின்றே சொன்னார். "உங்க அக்கா தவறிட்டா. வந்து கோடி போடு."

எட்டு வீட்டாரும் எழுந்து பின்னால் வந்தார்கள். லட்சுமணன் ஏதோ முணுமுணுக்க, கவுண்டர் ஒரு பார்வை பார்த்தார், அவன் நகர்ந்துகொண்டான். தீர்த்தகிரி சேலையைப் பிரித்து அக்காவின் கழுத்துவரை போர்த்தினான். ஓரம் கோணலாக விழுந்தது. சாந்தம்மாள் அதை நேராக்கினாள்.

அவன் எழுந்திருக்காமலே கேட்டான்: "கடைசியில என்னக் கேட்டாளா மாமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? கூடியிருந்தது அவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஒன்பது வருஷம் நடந்த ஊர். கோபால்சாமி அந்த முகங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார்.

"கேட்டா. மூணு நாளா உன்னத்தான் கேட்டா. நான்தான் ஆள் அனுப்பல."

முனியம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது. தீர்த்தகிரி எழுந்து போய்ப் பாடையின் முன்கொம்பில் தோள் கொடுத்தான்.

குழி மூடிக் குளித்துவிட்டுத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கவுண்டர் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினார். எட்டு வீட்டாரும் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் போனவன் தீர்த்தகிரி. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. போய்ட்டு வர்றேன் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அந்த வழக்கத்துக்காகத்தான் பேசாமல் போனானா, இல்லை இனி ஒருநாளும் வருவதில்லை என்று போனானா என்று கோபால்சாமிக்கு விளங்கவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் முறை இல்லை.