ஒன்பதாவது கல்லூரி

கேலன் வீபி இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டான். பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவனைக் கூசவைத்தது அதுதான். முதல் கிண்ணம் மரியாதைக்கு. விருந்துக்கு வந்தவன் கை நனைக்காமல் எழுந்துபோக முடியாது. இரண்டாவதை யாரும் அவன் கையில் திணிக்கவில்லை. இறைச்சியும் பீன்ஸும் போட்டுக் காய்ச்சிய சில்லி நன்றாக இருந்தது, பக்கத்தில் வைத்த இலவங்கப்பட்டை ரோல் சூடு ஆறாமல் இருந்தது, அவனாகவே கிண்ணத்தை நீட்டினான்.

செயின்ட் லுட்மிலா கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கில் மடக்கு மேசைகளைப் போட்டு டோஸ்டல் ஊரே கூடிச் சமைத்திருந்தது. ஒன்றோடொன்று போட்டி ஆடும் எட்டுக் கல்லூரிகளின் லீக்கில் ஒன்பதாவதாகத் தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி லுட்மிலா கேட்டிருந்தது. நேரில் பார்த்துவிட்டு வரும்படி லீக் இரண்டு பேரை அனுப்பியது. ஒருவன் கேலன், வெஸ்ட்மார்க் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவன். இன்னொருவன் பிக்ஸ்பி கல்லூரியில் அதே வேலை பார்க்கும் டுவேன்.

டுவேன் காரிலிருந்து இறங்கியது முதல் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

"இது ரோடா, மாடு நடந்த தடமா? பஸ்ஸுல வர்ற பொண்ணுங்களுக்கு இடுப்பு கழண்டுரும். தரை வேற அந்த ஓரத்துல மேடு தட்டுது. எவளாவது காலை மடக்கிக்கப் போறா."

"உன் பொண்ணுங்க வர்ற அன்னிக்குத் தலகாணி போட்டு வைக்கிறேன்," என்றாள் ஜோலீன் குச்செரா.

லுட்மிலாவில் வாலிபால் பயிற்சியாளரும் அவள்தான், விளையாட்டுத் துறைத் தலைவியும் அவள்தான், மழை பெய்தால் அரங்கில் ஒழுகும் இடம் பார்த்து வாளி வைப்பவளும் அவள்தான். அன்றைக்குத் தலைமுடியைச் சுருட்டிவிட்டிருந்தாள். கேலன் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"ரெண்டு பேரும் மேல பாருங்க," என்றாள்.

சுவரில் வரிசையாக எட்டுக் கொடிகள் தொங்கின. லீக்கில் இருக்கும் கல்லூரிகள் ஒன்றுக்கொன்று அப்படிக் கொடி மாட்டிவைப்பது வழக்கம்தான். கடையில் ஆர்டர் கொடுத்தால் அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். இவை கையால் தைத்தவை. தேவாலயத்துப் பெண்கள் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் துணி வெட்டி ஒட்டுத்தையல் போட்டிருந்தார்கள்.

"ஓட்டே இன்னும் போடல. அதுக்குள்ள மாட்டிட்டியா?" என்றான் டுவேன்.

"ஏணி இங்கதான் இருக்கு. வேண்டாம்னா கழட்டிக்கலாம்." அவள் கேலன் பக்கம் திரும்பினாள். "உங்க நீலத்ததான் மொதல்ல தச்சாங்க, கேலன். நீ சொன்னத நான் அவங்ககிட்டச் சொல்லியிருந்தேன்."

அவன் சொன்னது இதுதான். முன்பு வெஸ்ட்மார்க்கும் லுட்மிலாவும் ஒரே பழைய லீக்கில் இருந்தன. அதைவிட்டு முதலில் வெளியேறியது வெஸ்ட்மார்க். கடைசி ஆட்டம் முடிந்ததும் கார் நிறுத்தத்தில் ஜோலீனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க போய்க் கொஞ்சம் கால் ஊனிக்கறோம். அடுத்தது உங்களத்தான் இழுத்துக்கப் போறேன்," என்றான் கேலன். யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. வெஸ்ட்மார்க் போனதைப் பார்த்து மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. இப்போது பழைய லீக் என்று ஒன்றே இல்லை, லுட்மிலா மட்டும் தனியாக நின்றது. லீக் இல்லாத கல்லூரிக்குக் கோப்பை கிடையாது, தேசியப் போட்டிக்குப் போக வழி கிடையாது. விளையாடுவதற்காகவே வருகிற பிள்ளைகள் அங்கே ஏன் வரப்போகிறார்கள்? லுட்மிலாவில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள். அவர்கள் நின்றுவிட்டால் கல்லூரியையே இழுத்து மூட வேண்டியதுதான். அந்த மேசையில் பரிமாறிக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

கேலனுக்கு இன்னொன்றும் தெரியும். வெஸ்ட்மார்க்கின் ஓட்டு 'வேண்டாம்' என்பது முந்தைய நாளே முடிவாகிவிட்டிருந்தது.

முடிவு செய்தவர் வெஸ்ட்மார்க் கல்லூரியின் தலைவர் டாக்டர் விட்கம். நல்ல மனிதர், பிறந்தநாள் அட்டையில் தன் கையாலேயே நாலு வரி எழுதுவார்.

"நம்ம விடுதியில ஒரு மாடி முழுக்கக் காலியாக் கிடக்கு, கேலன். லுட்மிலா விழுந்துட்டா அந்தப் பிள்ளைங்க எங்கயாவது படிச்சுத்தானே ஆகணும்? இருக்கறதுலயே கிட்ட நாமதான்."

"நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், டாக்டர்."

"நீங்க குடுத்திருக்கீங்க. வெஸ்ட்மார்க் குடுக்கல."

கேலன் சண்டை போட்டிருக்கலாம். வேறு யாரையாவது ஓட்டுப் போட அனுப்புங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். "சரி" என்றான். வெளியே வரும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்தினான். மறுநாள் லுட்மிலாவுக்குப் போய், இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, சமைத்தவர்களைத் தேடிப்போய்ப் பெயர் கேட்டு நன்றி சொன்னான். நல்லவன் என்று அந்தப் பக்கம் முழுக்கப் பெயர் எடுத்தவன் அவன். அங்கே அந்தப் பெயரை வாங்க ஒருவரிடமும் கடிந்து பேசாமல் இருந்தால் போதும்.

ஓட்டு ஏப்ரலில் நடந்தது. யார் என்ன எழுதினார்கள் என்று தெரியாதபடி சீட்டு மடித்துப் போடுகிற முறை. இரண்டு பேர் 'வேண்டாம்' என்றால் விண்ணப்பம் தள்ளுபடி. இரண்டு விழுந்தது. ஒன்றைப் போட்டது கிழக்குக் கோடியில் இருக்கும் கல்லூரி. தூரம் அதிகம், எங்களால் முடியாது என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். மற்றதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. டோஸ்டலில் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவும் இல்லை. ரோட்டைக் குறை சொன்னவன், தரையைக் குறை சொன்னவன், ரோலில் சர்க்கரை அதிகம் என்றவன், அந்த டுவேனைத் தவிர வேறு யார்?

செய்தியை ஜோலீனிடம் சொல்லும் வேலை கேலன் தலையில் விழுந்தது.

"எனக்கு மனசே சரியில்ல, ஜோலீன்," என்றான் போனில். அது உண்மை.

"உனக்கு அப்படித்தான் இருக்கும். உன்னால ஆனத நீ செஞ்ச."

அந்த இடத்தில் அவள் போனைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள், அழுதாளோ என்னவோ. அந்த நேரம் அவனுக்குப் போதும். தான் செய்ததைச் சொல்லி முடித்திருக்கலாம்.

"ம்," என்றான் கேலன்.

இலையுதிர் காலத்தில் லீக் கூட்டம் ஒன்றில் டுவேன் ஒரு கதை சொன்னான். டோஸ்டலுக்கு வெளியே ஒரு பண்ணையில் அவன் வருடா வருடம் ஃபெசன்ட் என்கிற காட்டுப் பறவை வேட்டைக்குப் போகிறவன். இந்த முறை பண்ணைக்காரர் வாசலிலேயே நிறுத்தி, பறவை இல்லை என்று சொல்லிவிட்டாராம். "அவரு சொல்லிட்டிருக்கும்போதே பின்னாடி ரெண்டு பறந்து போச்சுப்பா," என்றான் டுவேன். எல்லோரும் சிரித்தார்கள். கேலனும் சிரித்தான். சிரித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றான். கண்ணாடியில் முகம் சிவந்திருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, இந்த முகத்தோடு வெளியே எப்படிப் போவது என்கிற வெட்கம். பிறகு அதே முகத்தோடுதான் வெளியே போனான்.

அடுத்த வருடம், அந்த டிசம்பரோடு மூடப்போவதாக லுட்மிலா அறிவித்தது. சொந்த அரங்கில் கடைசி வாலிபால் ஆட்டம் நவம்பரில், ஒரு சனிக்கிழமை மதியம். யாரோடு ஆடுவது என்பதை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஜோலீன் வெஸ்ட்மார்க்கை அழைத்தாள்.

கேலன் தன் அணியோடு பஸ்ஸில் போய் இறங்கினான். அரங்கத்துக்குள் நுழைந்ததும் அவனையறியாமல் கண் சுவருக்குப் போயிற்று. ஏழு கொடிகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள், ஆணிகள் மட்டும் இருந்தன. நீலக் கொடி ஒன்று தனியாகத் தொங்கியது.

பாப்கார்ன் விற்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் டுவேன் நின்றிருந்தான். கூட்டம் நெரிந்தும் அவனைச் சுற்றி மட்டும் இடம் இருந்தது.

"நீ எங்க இங்க?" என்றான் கேலன்.

"கடைசி ஆட்டமாச்சே. இதுக்கப்புறம் இந்தத் தரையக் குறை சொல்ல எனக்கு வாய்ப்பு ஏது?" டுவேன் அண்ணாந்து நீலக் கொடியைப் பார்த்தான். "தையல் நல்லாருக்கு."

"டுவேன்..."

"நான் 'சேக்கலாம்'னுதான் எழுதிப் போட்டேன். எம் பேரு கெட்டதுக்கப்புறம் ஒவ்வொருத்தனாக் கேட்டேன். கிழக்குக் கோடிக்காரங்கதான் ஒத்துக்கிட்டாங்களே, மத்த அஞ்சு பேரும் பட்டுனு பதில் சொன்னாங்க. உன்ன மட்டும் கேக்கல."

"ஏன்?"

"கேட்டா நீ மரியாதையா ஏதாவது சொல்லுவ."

கேலன் சுற்றுமுற்றும் பார்த்தான். "நீயே இவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றான்.

"நான் சொன்னா எவன் நம்புவான்? வேட்டைக்கு நெலம் கெடைக்கலன்னு கதை கட்டறான்னுவாங்க. அத நீ சொன்னாத்தான் ஆச்சு." டுவேன் குரலில் கோபமே இல்லை. "ஜோலீன் கையில இன்னிக்கு மைக் இருக்கு. உன்னக் கூப்பிடப் போறான்னு பேசிக்கறாங்க."

இரண்டாவது செட் முடிந்த இடைவேளையில் அவள் கூப்பிட்டாள்.

"எங்களச் சேத்துக்கச் சொல்லிக் கேட்டோம், சேத்துக்கல. அதப் பத்தி இன்னிக்குப் பேச வேண்டாம். எங்ககூட நின்னவர் ஒருத்தர் இருக்கார். அவருக்கு நாம இன்னும் நன்றி சொல்லல. கேலன், வா இங்க."

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. கேலன் நடுக்கோட்டுக்கு நடந்தான். அந்த மேடு தட்டும் இடத்தில் கால் இடறியது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டான், பொய்யில்லாமல் முடிவு செய்தான். முதலில் டுவேனைப் பற்றி, அடுத்தது தன்னைப் பற்றி. இரண்டே வாக்கியம். மைக்கை வாங்கினான்.

"ஒண்ணு சொல்லணும். டுவேன் உங்களுக்கு எதிரா ஓட்டுப் போடல. அவன் உங்க பக்கம்தான் போட்டான்."

அடுத்த வாக்கியம் தொண்டையில் இருந்தது. அதற்குள் முன்வரிசையில், கொடி தைத்த பெண்களில் ஒருத்தி மெதுவாகக் கை தட்ட ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவர்களும் தட்டினார்கள், பிறகு எல்லோரும். யாரும் அவன் சொன்னதை நம்பவில்லை. "பாரேன், இப்பக்கூட அவன விட்டுக் குடுக்காமப் பேசறாரு," என்று பக்கவாட்டில் ஒருவர் சொன்னது அவன் காதில் விழுந்தது. வந்தபோது தட்டியதைவிட இப்போது பலமாகத் தட்டினார்கள்.

மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. 'எதிராகப் போட்டது நான்' என்று சொல்வதற்கு என்ன நேரம் ஆகிவிடும்? பாப்கார்ன் ஜன்னலருகே டுவேன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கைதட்டல் ஓயட்டும் என்று கேலனும் காத்திருந்தான். ஓய்ந்தது. எல்லா முகங்களும் அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அப்படிப் பார்க்கிற முகங்கள் மாறுவதை அவன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

"நன்றி," என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

டுவேன் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ஆட்டத்தில் லுட்மிலா தோற்றது. கூட்டம் கலைந்த பிறகு ஜோலீன் ஏணி போட்டுத் தானே ஏறி நீலக் கொடியைக் கழற்றினாள். மடித்து அவன் கையில் வைத்தாள். அவள் பின்னால் மூன்று பெண்கள் சீருடையோடு, அழுது வீங்கிய முகத்தோடு நின்றார்கள்.

"இவங்க மூணு பேரும் ஜனவரியில வெஸ்ட்மார்க்குக்கு வர்றாங்க. எங்க போறதுன்னு எங்கிட்ட வந்து கேட்டாங்க. வேற எங்கயும் வேண்டாம், கேலன் இருக்கற எடத்துக்குப் போங்கன்னேன்."

விடுதியில் காலியாகக் கிடந்த மாடியை அவன் நினைத்தான். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கை கொடுத்தார்கள். மூன்று கைகளையும் அவன் குலுக்கினான்.

அவர்கள் நகர்ந்ததும் ஜோலீன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "டுவேனுக்குப் பரிஞ்சு பேசணும்னு உனக்கு என்ன அவசியம்? ஆனா நீ எப்பவுமே இப்படித்தான்."

இப்போது மைக் இல்லை, கூட்டம் இல்லை. இன்றைக்கும் சுருட்டிவிட்டிருந்த அவளுடைய முடியும் களைத்த முகமும் ஒரு கை தூரத்தில் இருந்தன. இங்கே சொன்னால் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் கேட்கும். கேலன் வாயைத் திறந்தான்.

அவள் மேசை மேலிருந்த அட்டைப் பெட்டியை எடுத்து, அவன் கையிலிருந்த கொடியின் மேல் வைத்தாள். அடியில் இன்னும் சூடு இருந்தது.

"ரோல். பஸ்ஸுல உன் பொண்ணுங்களுக்குக் குடு. நீ ரெண்டு எடுத்துக்குவேன்னு எனக்குத் தெரியும், சேத்துத்தான் வச்சிருக்கேன்."

"ரொம்ப நன்றி, ஜோலீன்," என்றான் கேலன். "சமைச்சவங்ககிட்டயும் சொல்லிரு."