பதிவானது

எங்கள் மருத்துவமனையின் சர்வரை ஆமை என்று திட்டாத ஆளில்லை. ஒரு நோயாளியின் விவரத்தைச் சேமிக்க இருபது நொடி. திட்டு விழுவதெல்லாம் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் என் தலையில். அதிகம் திட்டியவள், மூன்றாம் மாடியில் நர்ஸாக இருக்கும் என் சொந்த அக்கா.

"டேய், பேஷண்டே குணமாகி வீட்டுக்குப் போயிடுறாரு, உன் மெஷின் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு!"

டிஸ்க்தான் குற்றவாளி. அதற்கு முன்னால் ஒரு சின்ன நினைவகம் உண்டு. தகவல் அதில் விழுந்ததுமே 'பதிவானது' என்று சொல்லிவிட்டு, டிஸ்கில் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம். நடுவில் மின்சாரம் போனால் காப்பாற்ற ஒரு பேட்டரி வேண்டும். எங்கள் பேட்டரி செத்து இரண்டு மாதம். புதியது இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். பேட்டரி இல்லாமல் அந்த நினைவகத்தை இயக்காதே என்று திரை எச்சரித்தது. எனக்கு ரோஷம். இயக்கினேன்.

அரை நொடி! என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மின்சாரம் போனது, யு.பி.எஸ்ஸும் கைவிட்டது. சர்வர் எழுந்தபோது கடைசி அரை நிமிடப் பதிவுகள் இல்லை. அந்த அரை நிமிடத்தில்தான் ஏழாம் படுக்கைக்காரருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று அக்கா பதிந்திருந்தாள். அடுத்த ஷிப்ட் நர்ஸ் திரையைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை, அந்த ஊசியையே போட்டுவிட்டாள். தொண்டை வீங்கி மூச்சுத் திணறிய மனிதர் பிழைத்தது மறுபிறவி.

என்ன நடந்தது என்று அன்று மாலையே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. கோழை.

வெள்ளிக்கிழமை விசாரணை. அக்காவின் வேலை போய்விடும் என்று கேன்டீன் வரை பேச்சு. அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உள்ள போய் என்ன சொல்லப்போற?"

"மறந்துட்டேன்னு சொல்லிடுறேன்."

"பதிவானதுன்னு வந்துச்சு, பார்த்தேன்னு சொன்னியே?"

"அப்படித்தான் நெனச்சேன். இப்போ எனக்கே சந்தேகமா இருக்குடா. மூணு நாளா கேஸை அணைச்சேனான்னு ரெண்டு ரெண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு எரிந்தது.

"நீ பதிஞ்சேக்கா. தொலைச்சது நான்தான்." பேட்டரி கதை முழுவதையும் சொன்னேன்.

அவள் திட்டுவாள், அறைந்தாலும் அறைவாள் என்று தயாராகத்தான் வந்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"செவ்வாய்க்கிழமையே."

கதவு திறந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க போங்க" என்றாள்.

நான் பிறந்ததிலிருந்து அவள் என்னை 'டா' போட்டுத்தான் பேசியிருக்கிறாள்.