எச்சில் வாளி

மின்னலை எனக்குப் பிடிக்காது. அலுவலகத்தில் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவளே நான்தான். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இயக்குநர் எதற்கெடுத்தாலும், நான் வைத்த பெயராலேயே, "மின்னலைக் கூப்பிடுங்க" என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

பக்கத்து வயல்களில் விளைந்த காய்களை வாங்கும் பள்ளிகளுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் திட்டத்தை மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவள் நான். வாங்குகிற காய்க்கு ஏற்பப் பணம், அவ்வளவுதான். அவள் கூட்டத்தில் எழுந்து, "வாங்கிட்டு குப்பையில போட்டா? பிள்ளைங்க சாப்பிட்டாத்தானே திரும்பவும் வாங்குவாங்க? மதியம் எச்சில் வாளியை எடை போடுவோம். எடை குறைஞ்சா பணம் கூடும்" என்றாள். கைதட்டல் வேறு!

அவள் யோசனையைச் சோதித்துப் பார்க்க எடுத்தது என் மகள் படிக்கும் பள்ளியை. "நீங்களே பார்த்துட்டுச் சொல்லுங்க. நீங்க வேணாம்னா விட்டுடலாம்" என்றார் இயக்குநர். வாளி நிரம்பி வழிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கும் ஒரு தட்டு நிறைய பீட்ரூட் வைத்தார்கள். பிள்ளைகள் சாப்பிட்டுக் கலைந்ததும் தராசின் மேலிருந்த வாளியை எட்டிப் பார்த்தேன். அடியில் நாலைந்து துண்டுகள், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையல்காரம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கைபடாத என் தட்டை வாளிக்கு மேல் சாய்த்தேன்.

"கொட்டாதம்மா!"

என் மகள். வீட்டில் பீட்ரூட்டைக் கண்டாலே ஓடி ஒளிகிறவள், ஓடி வந்து தட்டைப் பிடுங்கினாள்.

"எடை கூடிடும்மா! அந்தக் காசுலதான் எங்களை வயலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

"உனக்கு யாருடி சொன்னா?"

"உன் ஆபீஸ் அக்காதான். திட்டமே உங்க அம்மாவோடது, நான் வாளியை மட்டும்தான் வச்சேன்னு சொன்னாங்க. கிளாஸ்ல எல்லாரும் உனக்குக் கைதட்டினாங்க தெரியுமா?"

அங்கேயே உட்கார்ந்து என் பங்கையும் தின்ன ஆரம்பித்தாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் தின்று முடிக்கிற நேரம் பார்த்து இயக்குநர் போனில் வந்தார்.

"என்னம்மா, வாளி எப்படி?"

மகள் காலித் தட்டை என்னிடம் நீட்டினாள்.

"மிச்சமே இல்ல சார். மின்னல் சொன்னதையே வச்சுக்கலாம்."

போனை வைத்தேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இத்தனை நாள் அவள் கெட்டிக்காரி என்றுதான் எரிந்தது. நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று இப்போது கூடுதலாக எரிந்தது.