கூச்சல் பரீட்சை

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்குச் சங்கு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். யாருக்கும் வேண்டாத கணினிகளுக்குச் சங்கு ஊதுவது அவள் வேலை. முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அதுவே பழகி, இப்போது போனை எடுத்தால் "சங்கு பேசறேன்" என்று அவளே சொல்கிறாள்.

இங்கே கணினி என்று சொல்வது மேசைமேல் இருக்கிற பெட்டியை இல்லை. நாலாவது மாடிக் குளிர் அறையில் அலமாரி அலமாரியாகப் பெரிய எந்திரங்கள் நிற்கின்றன. ஒரே வீட்டைத் தடுத்துப் பத்துப் போர்ஷன் போடுவதுபோல அவற்றை மென்பொருளால் தடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து இருபது மெய்நிகர் கணினிகளை ஓட்டுவார்கள். கையால் தொட முடியாது, ஆனால் ஒவ்வொன்றும் தான் ஒரு தனிக் கணினி என்ற நினைப்பிலேயே வேலை செய்யும். இந்தக் குளிர் அறை மருத்துவமனையின் சொந்த கிளவுட். அது போதாமல் வெளியே ஒரு நிறுவனத்தின் பொது கிளவுடில் வாடகைக்கும் இடம் பிடித்திருக்கிறார்கள். எது சொந்த இடத்தில் இருக்க வேண்டும், எது வாடகை இடத்துக்குப் போகலாம், எது இனி யாருக்குமே வேண்டாம் என்று பிரிப்பவள் சங்கு. இதில் மாற்றவே முடியாத விதி ஒன்று உண்டு. நோயாளிகளைப் பற்றிய எந்த விவரமும் சொந்த இடத்தைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

பழைய எந்திரங்களைக் கழற்றி எடுத்துவிடுவது என்று முடிவானபோது, அவற்றுக்குள் குடியிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகளுக்கு வழி பார்க்க வேண்டியிருந்தது. உரிமையாளர் பெயர் பதிந்திருந்தவற்றில் தொல்லை இல்லை. கேட்டு, பிரித்து, அனுப்பியாயிற்று. பெயர் இல்லாதவைதான் உயிரை வாங்கின. என்றைக்கோ யாரோ ஓர் அவசரத்துக்குத் தொடங்கிவிட்டு, பெயர் பதியாமல் விட்டு, வேலையையும் விட்டுப் போயிருப்பார்கள். கடவுச்சொல்லும் அவரோடு போயிருக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாததை வாடகை இடத்துக்கு அனுப்ப விதி விடாது. புதிதாக வாங்கிய சொந்த எந்திரங்களிலோ இடம் கையளவுதான், அதில் அநாதைகளுக்கு இடம் கொடுக்க மேலாளர் விடமாட்டார்.

அதற்குச் சங்கு வைத்திருந்த வழிதான் கூச்சல் பரீட்சை. இந்த எண் கணினி யாருடையது என்று கேட்டு எல்லாப் பிரிவுக்கும் ஒரு கடிதம் அனுப்புவாள். பதில் வராவிட்டால் அந்தக் கணினியை நிறுத்திவிட்டுப் பதினான்கு நாள் காத்திருப்பாள். யாராவது போன் போட்டுக் கத்தினால் உடனே ஓடவிட்டு, ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள். கத்தவில்லையா, பதினைந்தாம் நாள் அழித்துவிடுவாள். அழித்தால் அழித்ததுதான், எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. இந்தத் தொழிலில் இருக்கிற பாதிப் பேர் செய்கிற காரியம்தான் இது. சங்கு அதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியிருந்தாள். இதுவரை அறுபத்தோரு பரீட்சை. பத்தொன்பதில் கூச்சல் வந்தது, எல்லாமே முதல் மூன்று நாளைக்குள். வலித்தால் கத்துவார்கள், கத்தவில்லையென்றால் வலிக்கவில்லை என்று கூட்டங்களில் சொல்வாள். கேட்பவர்களும் தலையை ஆட்டுவார்கள்.

கடைசியாக மிஞ்சியது நூற்றுப் பதினேழாம் எண். அதை ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நிறுத்தினாள். பேச்சு மூச்சில்லை. இன்று வியாழன், பதினான்காவது நாள். நாளைக் காலை அழித்துவிட்டால் மத்தியானம் ஆட்கள் வந்து அலமாரியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மேலாளர் காலையிலிருந்து இரண்டு முறை வந்து, முடிந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கூச்சல் வராத கணினியின் பதிவேட்டை அவள் திறந்து பார்ப்பதே கிடையாது. இன்றைக்கு மத்தியானம் கையில் வேறு வேலை இல்லை, கடைசி ஆயிற்றே என்று ஒரு சின்ன இரக்கமும் இருந்தது. நிறுத்தின பிறகு யாராவது இதன் கதவைத் தட்டினார்களா என்று பார்த்தாள். இருபத்து நான்கு வரிகள் இருந்தன.

நிறுத்திய அன்று காலை எட்டு முப்பத்தெட்டுக்கு ஒரு தட்டு, எட்டு நாற்பதுக்கு இன்னொரு தட்டு. மறுநாள் எட்டு நாற்பத்தொன்று, எட்டு நாற்பத்து மூன்று. ஞாயிறு இல்லை. திங்கள் மறுபடி இரண்டு. இப்படியே இன்று காலை வரைக்கும் பன்னிரண்டு வேலை நாள், நாளுக்கு இரண்டு. எந்திரம் தட்டினால் நொடி பிசகாமல் தட்டும், பதில் வராவிட்டால் நாள் முழுக்கத் தட்டும். இது மனுஷக் கை. திறக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பார்த்து, பேசாமல் போய்விடுகிற கை. தட்டின முகவரியைத் தேடினாள். கீழ்த்தளம், மருந்துக் கடைக்குப் பக்கத்து அறை, மூன்றாவது மேசை.

அந்த மேசை யாருடையது என்று அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் ஓரகத்தி உட்காருகிற இடம் அது.

கணவனின் அண்ணன் மனைவி. மாடியில் அவர்கள், கீழே இவர்கள், சமையல் ஒன்று. பத்து வருஷமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். மூத்தவள் இதே மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போன் செய்கிற வேலையில் இருக்கிறாள் என்பது வரைக்கும் சங்குக்குத் தெரியும். யாருக்குச் செய்கிறாள், எதைப் பார்த்துச் செய்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை, அதுதான் உண்மை.

படியில் இறங்கும்போது வேறு யாராவது அந்த மேசைக்கு மாறியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே இறங்கினாள். யாரும் மாறவில்லை. மூத்தவள்தான் இருந்தாள். முன்னால் நோயாளிகளின் காகிதக் கோப்புகள் ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதி பார்த்து, ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். திரையில் 'இணைக்க முடியவில்லை' என்று இருந்தது. மூன்றாவது மாடிக் கோப்பறையிலிருந்து இத்தனையையும் சுமந்து வந்திருக்கிறாள் என்பது அவள் மூச்சு வாங்குவதிலேயே தெரிந்தது. ரெண்டு வாரமாக அரை மணி முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்புகிறாளே, என்ன அப்படி வேலையோ என்று போன ஞாயிறுதான் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

நெஞ்சுக்குள் இதயத்துக்கான பேட்டரிக் கருவி வைத்துக்கொண்டவர்களின் பட்டியல்தான் நூற்றுப் பதினேழு. யார் எப்போது பரிசோதனைக்கு வர வேண்டும் என்று தினமும் காலையில் அது பன்னிரண்டு பெயர்களைக் காட்டும். மூத்தவள் அவர்களைக் கூப்பிட்டு வரச் சொல்வாள். கெடு தாண்டினால் பேட்டரி தீரும். தீர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் சங்கு கேட்கக் கேட்க மூத்தவள் அளந்து அளந்து சொன்னாள், குற்றம் செய்துவிட்டுப் பிடிபட்டவள் பேசுகிற குரலில்.

"நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல. அன்னைக்குக் காலைல திரைல ஒரு பெட்டி வந்துச்சு, சரியான்னு கேட்டுச்சு, சரின்னு அமுக்கினேன். அதோட போச்சு. நூத்தி நாப்பது பேருக்கு மேல இருக்கணும். கோப்பைப் பாத்து நூத்தி ஒம்பது பேரைப் பிடிச்சுட்டேன். மிச்சம் யார் யாருன்னுதான் தெரியல."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல? தினமும் ஒண்ணா உக்காந்துதானே சாப்பிடறோம்."

மூத்தவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு தடவை சொன்னேனே" என்றாள்.

சொன்னாள்தான். போன வருஷம் திரை இருண்டுபோயிற்று என்று மேலே போன் செய்தாள். சங்கு இறங்கி வந்து பார்த்தால் திரையின் பொத்தான் அணைந்திருந்தது, அவ்வளவுதான். அங்கேயே எல்லோர் முன்னாலும் சிரித்தாள். அதோடு விட்டாளா? வீட்டில் போய்க் கண் காது மூக்கு வைத்துச் சொன்னாள், மூத்தவள் பதறிய குரலை நடித்தே காட்டினாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதை வெளியே வரும். மூத்தவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அவள் சிரித்ததால் அவளுக்கு வலிக்கவில்லை என்றுதான் சங்கு இத்தனை நாள் கணக்குப் போட்டிருந்தாள்.

கத்தத் தெரியாதவர்கள் கத்தாமல் இருப்பார்கள் என்பது அவளுக்கு முன்பே தோன்றியிருக்கலாம். ஒரு தடவை கத்திப் பார்த்து, கிடைத்த பதிலை வாங்கிக்கொண்டு, இனி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டவர்களைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. நிஜமாகவே யாருக்கும் வேண்டாத நாற்பத்திரண்டைத்தான் அழித்தோமா என்று இப்போது போய் யாரைக் கேட்பது?

"நீங்க எதையும் அமுக்கலக்கா. நான்தான் நிறுத்தினேன்."

"நீயா? எதுக்கு?"

"யாராவது கத்துவாங்களான்னு பாக்கறதுக்கு."

மூத்தவள் முகத்தில் கோபம்கூட இல்லை, ஏதோ கணக்கை மறுபடி கூட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு, முதலில் அதை ஓடவிடு என்றாள்.

சங்கு மாடி ஏறி ஓடினாள். ஒன்றரை நிமிஷத்தில் நூற்றுப் பதினேழு எழுந்து உட்கார்ந்தது. உரிமையாளர் என்ற கட்டத்தில் ஓரகத்தியின் முழுப் பெயரைப் பதிந்தாள். இது சொந்த எந்திரத்தில்தான் இருக்கும், இடம் இல்லையென்றால் என் சோதனைக் கணினிகளைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்று மேலாளரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கினாள். மூத்தவளின் திரையில் பட்டியல் வந்திருந்தது. நோட்டோடு ஒப்பிட்டார்கள். முப்பத்தைந்து பேர் விட்டுப்போயிருந்தார்கள்.

சங்கு எண்ணைப் போட்டுக் கொடுக்க, மூத்தவள் பேசினாள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள், இங்கே பேசுகிற விதமே வேறாக இருந்தது. யார் எந்த மாடியில் இருக்கிறார்கள், யாருக்குக் காது மந்தம், யாருடைய மருமகன் வண்டி வைத்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொருவராக நாளைக்கு வருகிறேன், நாளை மறுநாள் வருகிறேன் என்றார்கள். சங்குக்கு மெல்ல மூச்சு வந்தது. பத்தொன்பதாவது ஆள் ஒரு தையல்காரர். தனியாக இருப்பவர். ஒலிபெருக்கியில் அவர் குரல் மெலிந்து கேட்டது.

"நாள் தாண்டினது தெரியும்மா. நீங்களே கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். உங்களுக்கு ஆயிரம் வேலை, நாம வேற எதுக்குத் தொந்தரவு குடுக்கணும்னு... ஒரு வாரமா எந்திரிச்சு நின்னா கண்ணை இருட்டுது. ரெண்டு தடவை விழுந்துட்டேன்."

மூத்தவள் அவரைப் படுத்த இடத்திலேயே இருக்கச் சொன்னாள், கதவைத் தாழ் போடாமல் திறந்து வைக்கச் சொன்னாள். இன்னொரு போனில் ஆம்புலன்ஸை அனுப்பினாள். அது அவர் வீட்டு வாசலுக்குப் போய், ஆளை ஏற்றியாயிற்று, நாடி ரொம்பக் குறைவு, ஆனால் பேசுகிறார் என்று தகவல் வரும்வரை லைனிலேயே இருந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு போனை வைத்தாள். வைத்துவிட்டு எழுந்து நின்று கத்தினாள்.

பத்து வருஷத்தில் யாரும் கேட்டிராத குரல். மருந்துக் கடை வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு நாள் மூன்று மாடி ஏறி இறங்கினதைச் சொன்னாள். வேலை போய்விடும் என்று தூக்கமில்லாமல் கிடந்ததைச் சொன்னாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளை வைத்துச் சிரிப்புக் காட்டினதைச் சொன்னாள், எந்த நாள், யார் வந்திருந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கத்தறாங்களான்னு பாத்தியா? கத்தறதுக்கும் தெம்பு வேணும்டி. முடியாதவன் எப்படிடி கத்துவான்?"

சங்கு குனிந்த தலையோடு நின்றாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது, அது இப்போது பெரிதாக இல்லை. வெட்கத்தில் காது எரிந்தது. அதற்கு அடியில், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஓர் ஆறுதலும் இருந்தது. இத்தனை வருஷத்தில் மூத்தவள் அவளிடம் பேசின முதல் நிஜமான பேச்சு இதுதான். மறுத்துச் சொல்ல வந்த ஒன்றிரண்டையும் விழுங்கிக்கொண்டாள். மூத்தவளுக்கு மூச்சு வாங்கி, குரல் கட்டி, தானாக நின்றது.

"இன்னும் இருந்தா சொல்லுங்கக்கா."

"இருக்கு. நிறைய இருக்கு. வீட்டுல வெச்சு சொல்றேன்." மூத்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இப்ப அடுத்த நம்பரைப் போடு."

சங்கு போட்டாள். இன்னும் பதினாறு பேர் பாக்கி இருந்தார்கள். அந்தப் பதினாறு பேரில் ஒருவர்கூட, தங்களை ஏன் கூப்பிடவில்லை என்று இதுவரை கேட்டிருக்கவில்லை.