அக்காவின் சோம்பேறிச் செல்கள்

அக்காவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியின் ஒரு துணுக்கைத் தங்கை தன் ஆய்வகத்தில் வளர்த்துவந்தாள். எந்தக் கட்டியிலும் விதைநெல் மாதிரி சில செல்கள் இருக்கும். மருந்துக்கு மற்றதெல்லாம் செத்தாலும் அவை பதுங்கிக் கிடந்து மறுபடி முளைக்கும். அப்படிப் பதுங்கவைக்கும் மரபணுவை அணைக்க முடியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"என் செல்லுங்களும் என்னை மாதிரி சோம்பேறியா?" என்று அக்கா போனில் கேட்பாள்.

"உன்னைவிட மோசம்க்கா. எழுப்பினாலும் எழுந்திருக்கறதில்ல."

ஒருநாள் அந்தச் செல்கள் திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டன. கிண்ணம் கிண்ணமாகப் பெருகின. மரபணுவை அணைத்தாள், செல் உருண்டைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் அக்காவுக்கு நோய் நுரையீரலில் திரும்பியிருந்தது. "நான் போனாலும் என் செல்லு நாலு பேருக்கு உதவும்" என்று அக்காவும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கட்டுரையை அச்சிடுமுன் செல்கள் யாருடையவை என்று சோதித்து அனுப்பச் சொன்னது பத்திரிகை. இன்று முடிவு வந்தது. அக்காவின் ரத்தத்தோடு அவை பொருந்தவில்லை. பக்கத்து மேசையில் தோழி வளர்க்கும், எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும் முரட்டுச் செல்கள் அவை.

அடிச்சத்தம் கேட்காமல் நடப்பதால் தோழிக்குப் பூனை என்று பெயர். படிக்கிற காலத்திலிருந்தே கூட இருப்பவள். அக்கா வீட்டுச் சாப்பாட்டில் பாதி அவள் வயிற்றுக்குத்தான் போயிருக்கும்.

"உனக்குத் தெரியுமா?" என்று தங்கை கேட்டாள்.

பூனை கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். "ஒருநாள் அவசரத்துல ரெண்டுக்கும் ஒரே பாட்டில்லேர்ந்து ஊட்டத்தண்ணி ஊத்திட்டேன். ஒண்ணு ரெண்டு செல் தாவியிருக்கும். அதுங்க ஒட்டகம் கூடாரத்துல நுழைஞ்ச மாதிரி... அப்புறம் மைக்ராஸ்கோப்புல பார்த்தப்பவே தெரிஞ்சுடுச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த."

"நான் சந்தோஷமா இருந்ததாலயா, கட்டுரையில உன் பேரும் இருந்ததாலயா?"

பூனை மேசையிலிருந்த பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினாள்.

"புதுசு நல்லா வளருதுன்னு, உறைய வச்ச பழைய குழாயெல்லாம் தூக்கிப் போட்டேனே. அக்காவோட கடைசிச் செல்லு அது. அப்போ பக்கத்துல நின்னு குப்பைப் பெட்டியைப் பிடிச்சிட்டிருந்தது யாரு?"

பூனை தலையைக் குனிந்துகொண்டாள்.

போன் அடித்தது. அக்கா. தங்கை ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னடி, என் சோம்பேறிங்க என்ன பண்ணுதுங்க?"

"பூனை உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்க்கா." தங்கை போனைத் தோழியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பூனை ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"சொல்லுடி பூனை" என்று சிரித்தாள் அக்கா. "கேட்டுட்டுதான் இருக்கேன்."

தங்கை போனை விலக்கவில்லை.